எட்டு மணி

ராத்திரி எட்டுக்குப் புஷ்பநாதன் மாத்திரை விழுங்குவான்,
பட்டர்வொர்த்தில், சமையலறைக் குழாயடியில் நின்றபடி.
அவன் கைப்பேசி அலறும். அணைப்பான்.
கடலுக்கு இந்தப்புறம், குளுகோரில்,
என் கைப்பேசியும் அலறும்.
அவன் வைக்கச் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் முப்பது டிகிரியில்
குடுவைகள் கிறுகிறுவென்று சுற்றுகின்றன.
ரொட்டி பெங்காலி சுடுகிறவர்களுக்கு
மாவை உப்பவைத்துக் கொடுக்கும் அதே ஈஸ்ட்.
மெய் சின் ஒரு மூடியைத் திறந்து மோந்துவிட்டு
"பசிக்குது, நாசி கண்டார் வாங்கிட்டு வரவா?" என்கிறாள்.

ஒரு ஈஸ்ட் செல்லுக்குள் கால்சியம் எவ்வளவு என்று கேட்டால்
கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் பதில்.
வெளியே பத்தாயிரம் மடங்கு.
கசிந்து நுழைவதையெல்லாம் அள்ளி
பின்னறையில் போட்டுப் பூட்டும் பம்புகள்
தூங்குவதில்லை.
வீடு கூட்டுகிறவர்களுக்குத் தெரியும்:
துடைத்த தரையில்தான்
ஒரு காலடி தெரியும்.

உப்பைப் போட்டேன்.

கதவுகள் திறந்தன.
ஜெல்லிமீனிடம் இரவல் வாங்கிய புரதம்
கால்சியத்தைத் தொட்டு மினுங்கியது.
என் கண்ணுக்கு அது இருட்டு; கருவிக்கு வெளிச்சம்.
திரையில் கோடு எழுந்தது, விழுந்தது.
மெய் சின் தன் முடியை முடிந்துகொள்ளும் நேரம்கூட ஆகவில்லை.

அதற்குள்
கால்மோடுலின் கை நீட்டிப் பிடிக்கிறது.
நம்முடையதற்கு நான்கு கை;
ஈஸ்டினுடையதில் நாலாவது சூம்பிப்போனது.
மூன்றே போதும், கால்சிநியூரினை உலுக்கி எழுப்ப.
எழுந்தது நேரே போய்
வெளியே காத்திருக்கும் ஒரு புரதத்தின் மேலிருந்து
பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது,
நனைந்த மழைக்கோட்டைக் கழற்றி
ஆளை உள்ளே விடுகிற மாதிரி.
உட்கருவுக்குள் போனவன் கேட்கிற முதல் சாமான்களில் ஒன்று
இன்னும் சில பம்புகள்.
அலறல் தன்னை அணைக்கும் விரலைத்
தானே செய்துகொள்கிறது.

இரண்டாம் தட்டு.
அதே உப்பு. மருந்து ஒரு சொட்டு கூடுதல்.
கோடு எழுந்தது, விழுந்தது.
எல்லாம் நடந்தது,
கால்சிநியூரின் வாயில் மட்டும் யாரோ துணி அடைத்திருந்தார்கள்.
வெளியே நின்றது
மழைக்கோட்டோடேயே நின்றது.
மூன்றாம் நாள் தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

புட்டியில் எழுத்தும் எண்ணுமாக இருக்கிற மருந்துக்கு
மாத்திரைப் பட்டையில் வேறு பெயர்: டாக்ரோலிமஸ்.
காலை எட்டு, இரவு எட்டு.

தம்பியின் வெள்ளணுக்கள்
என் சிறுநீரகத்தை ரோந்தில் பார்க்கின்றன.
இது யாருடையது என்று திடுக்கிடுகின்றன.
அவற்றுக்குள்ளும் கால்சியம் எழுகிறது.
உள்ளே ஓடிப்போய்ச் சொல்லத்தான் ஆளில்லை.
அந்த வாயடைப்பில்தான்
என்னிடமிருந்து போன அது நாலு வருஷமாகப் பிழைக்கிறது,
அவனுடைய கோப்பியையும் கோபத்தையும் வடிகட்டிக்கொண்டு.

ஞாயிறு ஃபெர்ரி ஏறுமுன் முழங்கைவரை கழுவுகிறேன்.
சும்மா கிடக்கிற பூஞ்சைகூட அவனுக்கு விருந்தாளி இல்லை.
கோப்பை பிடிக்கையில் அவன் விரல் நடுங்குகிறது.
மருந்தின் நடுக்கம், தெரியும், இருந்தாலும் பார்க்கிறேன்.
தட்டின் கதையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அப்ப நானும் ஒண்ணும் முளைக்காத தட்டுதானாக்கா?"

இல்லைடா, மூன்றாவது தட்டு ஒன்று வைத்திருந்தேன்.
மருந்து உண்டு, உப்பு இல்லை.
வெள்ளை வெள்ளையாய், நெருக்கமாய்,
மூடியைத் தூக்கினால் மாவு வாசம்.

"உப்பு போடாமலேயே வளருதா" என்று சிரித்தவன்
உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டான்:
"கேட்டியா? என்னை ஜெயிச்சிட்டே."

பேசிக்கொண்டே இருந்ததில் எட்டாகிவிட்டது.
ஒரே மேசையில் இரண்டு கைப்பேசிகளும் அலறின.
என்னுடையதையும் அவனே அணைத்தான்.